ஹேடக் மீனை இறக்கிவிட்டு எங்கள் படங்களை ஏற்றியவருக்கு

நடந்ததையெல்லாம் திரும்ப எழுத எனக்குத் தெம்பு இல்லை. ஊர்க் கூடத்துக்குள் தண்ணீர் புகுந்து, அங்கே சேர்த்து வைத்திருந்த ஊரின் பழைய புகைப்படங்கள் நனைந்துபோனது, அன்று ராத்திரி நான் இணையத்தில் போட்ட புலம்பலைப் படித்தவர்களுக்குத் தெரியும். கூடத்துச் சுவர் இன்னும் ஈரம்தான், ரப்பர் பூட்ஸை இப்போதுதான் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். ஆனால் படங்கள் பிழைத்துவிட்டன, பெரும்பாலானவை. ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கடற்கரையில் இருக்கும் எங்கள் சின்ன ஊரின் நூறு வருஷம் கையோடு இருக்கிறது. கூடத்து வாசலில் ஆங்கிலத்தில் நாலு வரி நன்றி எழுதி ஒட்டியாயிற்று, மீதி எனக்குத் தமிழில்தான் வருகிறது.

"பிரிக்காதே, காயவும் விடாதே, அப்படியே உறைய வை" என்று நடுராத்திரியில் பதில் எழுதியவர்களே, நீங்கள் இல்லாவிட்டால் நான் ஹேர் டிரையரை எடுத்து அத்தனையையும் நாசம் பண்ணியிருப்பேன். படத்தின் மேல் பூச்சாக இருக்கும் ஜெலட்டின் நனைந்தால் பசைதான். இரண்டு படம் முகத்தோடு முகம் ஒட்டிக் காய்ந்துவிட்டால், அப்புறம் பிரிக்கும்போது பாதி மூக்கு இதில், பாதி மூக்கு அதில். இரண்டு நாளுக்குள் உறைய வைத்துவிட்டால் ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம். சரி, பதினெட்டுப் பெட்டிப் படங்களை எங்கே கொண்டுபோய் உறைய வைப்பது? என் வீட்டு ஃப்ரீசரில் பட்டாணிப் பொட்டலத்தை எடுத்தால் ஒரு ஆல்பத்துக்கு இடம் உண்டு, அவ்வளவுதான்.

காலை ஏழு மணிக்கு வாசலில் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடைக்காரர் வந்து நின்றார். எழுபது தாண்டியவர். யாரும் அவரைக் கேட்கவில்லை, ரொட்டிக் கடையில் காதில் விழுந்ததாம். அவர் கடைக்குப் பின்னால் ஆள் உள்ளே நடந்து போகிற அளவுக்கு ஒரு ஃப்ரீசர் இருக்கிறது. அதிலிருந்த ஹேடக் முழுவதையும் இறக்கி, பாதியைப் பக்கத்து ஊருக்கு அனுப்பிவிட்டு, இரண்டு நாள் கடை இல்லை என்று அட்டை மாட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறார். அக்குளில் ஒரு பெரிய தாள் சுருள், சிப்ஸ் மடிக்கிற அதே எண்ணெய் இறங்காத தாள். படத்துக்கும் படத்துக்கும் நடுவில் போட ஏதாவது தாள் வேண்டுமே என்று நாங்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரம் அது. பெட்டிகளை அவர் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய், கடைக் கவுண்டரில் வைத்தே வேலையைத் தொடங்கினோம். உதிரியாகக் கிடந்தவற்றை ஒரு படம், ஒரு தாள், ஒரு படம், ஒரு தாள் என்று அடுக்கினோம். ஒட்டிப்போன கட்டுகளை அப்படியே மடித்தோம். நான் ஒன்று மடிப்பதற்குள் அவர் ஆறு மடித்துவிடுவார்.

மடிக்கும்போது கண் போகாமல் இருக்குமா. ஹெர்ரிங் மீனைக் கீறிக் குடல் எடுக்கும் பெண்கள், மூன்று பேர் ஒரு குழுவாக, இரண்டு பேர் கீற ஒருத்தி பீப்பாயில் அடுக்க, கத்தியும் உப்பும் தின்றுவிடாமல் விரல் விரலாகத் துணி சுற்றி, வேலை இல்லாத நிமிஷத்திலும் நின்றபடியே பின்னல் ஊசியோடு. ஸ்காட்லாந்திலிருந்து 1907-இல் 25 லட்சம் பீப்பாய் ஹெர்ரிங் வெளிநாடு போனதாம், அத்தனையும் இப்படிப்பட்ட விரல்கள் தொட்டது. அப்புறம் படகுகள். கே.ஒய். என்று தொடங்கும் பதிவு எண் ஒன்றுவிடாமல் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறோம்.

ஒரு படத்தில் அவர் கை நின்றது. ஏப்ரன் கட்டிய ஒருவர் கடை வாசலில். பின்னால் எங்கள் கையெழுத்தில் "ஐஸ்கிரீம் கடை, 1930களில்". அவ்வளவுதான்.

"தாத்தா," என்றார்.

பார்கா, பிச்சினிஸ்கோ என்று இத்தாலியின் மலை ஊர்களிலிருந்து வந்து ஸ்காட்லாந்து முழுக்க ஐஸ்கிரீமும் வறுத்த மீனும் விற்ற குடும்பங்களில் அதுவும் ஒன்று. படத்தில் இருந்த ஜன்னலை நனைந்த விரலால் காட்டி, இந்தக் கண்ணாடி 1940 ஜூனில் உடைந்தது என்றார். முசோலினி பிரிட்டன் மேல் போர் அறிவித்த ஜூன் 10-ஆம் தேதி இரவே எடின்பரோவில் இத்தாலியர் கடைகளை அடித்து நொறுக்கினார்கள், அது எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலும் நடந்தது என்று யாரும் சொன்னதில்லை. யார் உடைத்தார்கள் என்று அவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கூடத்தில் அன்றைக்குத் தண்ணீர் இறைத்தவர்கள் பாதிப் பேர் பரம்பரையாக அதே தெருக்காரர்கள். எதிரி நாட்டவர் என்று காவலில் பிடித்துப்போன தாத்தா மேன் தீவு முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். அப்படிப் பிடித்தவர்களைக் கனடாவுக்கு அனுப்பிய அரண்டோரா ஸ்டார் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் பலருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, ஜூலை 2-ஆம் தேதி நீர்மூழ்கி அடித்து நானூறுக்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் கடலோடு போனார்கள்.

கண்ணாடி நெகட்டிவ்களை உறைய வைக்கக் கூடாது என்பதால், அவற்றை நிறுத்திக் காயவைக்கத் தட்டு அடுக்கும் கம்பிச் சட்டங்களை வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கும், ராத்திரி முழுக்க டீ போட்டவர்களுக்கும் சேர்த்தே ஒரு கும்பிடு. சட்டங்கள் அடுத்த வாரம் திரும்பி வரும், கோபிக்காதீர்கள்.

படங்களைப் பத்துப் பத்தாக எடுத்துக் கரைய விட்டுக் காயவைக்கிறோம், லேசாக எண்ணெய் வாசனை. தாத்தா படம் இன்னும் உள்ளே இருக்கிறது. அது காய்ந்ததும் பின்பக்கம் பென்சிலால் முழுப் பெயரும் எழுதிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். நடுவில் வரும் ‘டி’ இரட்டை, ஒன்று போட்டுவிடாதே என்று ஃப்ரீசர் கதவைச் சாத்தும்போது இரண்டு தடவை சொன்னார்.