கணினியில் ஏற்றினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒரு நாட்டின் நிலப் பதிவேடுகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை அளக்க, உலக வங்கி, நாடுகளின் தொழில் சூழலை ஒப்பிடும் தன் 'டூயிங் பிசினஸ்' அறிக்கையில் 30 புள்ளிகள் கொண்ட குறியீடு ஒன்றை வைத்திருந்தது. தரவு முறைகேடுகளால் 2021-இல் அந்த அறிக்கையே நிறுத்தப்பட்டது. ஆவணங்கள் கணினியில் உள்ளனவா, வில்லங்கம் பார்க்க மின்னணுத் தரவுத்தளம் உண்டா, பதிவுத் துறையும் நில அளவைத் துறையும் ஒரு சொத்துக்கு ஒரே எண்ணைப் பயன்படுத்துகின்றனவா என்றெல்லாம் அந்தக் குறியீடு கேட்டது. நல்ல கேள்விகள்தாம். ஆனால் பழைய பதிவேட்டில் எழுத்தர் 5-ஐ 6 என்று எழுதியிருந்தால், ஸ்கேன் செய்த கோப்பிலும் அது 6-ஆகவே இருக்கும். இறந்தவர் பெயரிலேயே நிலம் நிற்கும். மகள் வங்கிக் கடனுக்குப் போய் நிற்கும்போதுதான் அது வெளியே வரும்.

குலுக்கல் முறையில் சில ஆயிரம் மனைகளைத் தேர்ந்தெடுத்து, பதிவேட்டோடு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். எல்லைக்கல் வரைபடம் காட்டும் இடத்தில் இருக்கிறதா, பரப்பு பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா, உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா? பிழை விகிதத்தை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

அந்தக் குறியீட்டில் நான் மிக முக்கியமாகக் கருதுவது, பதிவேட்டை நம்பி ஏமாந்தவருக்கு இழப்பீடு உண்டா என்ற கேள்வியைத்தான். 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் தொடங்கிய டாரன்ஸ் என்ற நிலப் பதிவு முறையில் உரிமைக்கு அரசே உத்தரவாதம். பத்திரத்தை மட்டும் பதிந்துகொண்டு உரிமைக்குப் பொறுப்பேற்காத நாடுகளில், வாழ்நாள் சேமிப்பை ஒரே கையெழுத்தில் இழக்கும் குடும்பங்களை நினைத்தால் மனம் பதைக்கிறது.

- ஒரு வாசகர்