மால்டிட்டாலை முழுதாகக் கழிக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

குறைமாவு உணவுமுறை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், சர்க்கரைக்குப் பதிலாக இனிப்புக்குச் சேர்க்கும் சர்க்கரை ஆல்கஹால் எத்தனை கிராம் இருந்தாலும் மொத்த கார்பிலிருந்து (மாவுச்சத்திலிருந்து) கழித்துவிடலாம் என்று ஒரு வரி இருந்தது. பேலியோ, கீட்டோ என்று இறங்குகிறவர்களில் நீரிழிவுக்காரர்கள் நிறையப் பேர். அவர்களுடைய கணக்கைத் தப்பாக்க அந்த ஒரு வரியே போதும்.

சர்க்கரை ஆல்கஹால் என்பது ஒரே பொருளின் பெயரல்ல. எரித்ரிட்டால், சைலிட்டால், சார்பிட்டால், மால்டிட்டால், ஐசோமால்ட் எல்லாமே அந்தக் குடும்பம்தான். உடம்புக்குள் போனபின் ஒவ்வொன்றும் ஒரு வழி. (பெயரில்தான் ஆல்கஹால், போதை கிடையாது.) எரித்ரிட்டால் மிகச் சிறிய மூலக்கூறு. ஏறக்குறைய 90 சதவீதம் சிறுகுடலிலேயே ரத்தத்தில் கலந்து, மாறாமல் சிறுநீரில் வெளியேறிவிடும். கிராமுக்கு 0.2 கலோரிதான். சர்க்கரையையும் இன்சுலினையும் ஏற்றாது. இதை முழுதாகக் கழிப்பதில் தவறில்லை.

மால்டிட்டால் அப்படி இல்லை. ஒரு குளுக்கோஸும் ஒரு சார்பிட்டாலும் கைகோத்ததுதான் மால்டிட்டால். சிறுகுடல் நொதிகள் அதில் ஒரு பங்கை உடைக்கும்போது குளுக்கோஸ் நேராக ரத்தத்தில் சேர்கிறது. ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்று காட்டும் கிளைசெமிக் குறியீடு, சாதாரணச் சர்க்கரைக்குச் சுமார் 65. மால்டிட்டால் தூளுக்கு 35, சிரப் வடிவத்துக்கு 50ஐ ஒட்டி. கிராமுக்கு 2.1 கலோரி. ‘சுகர் ஃப்ரீ’ சாக்லேட்டுகளில் இதை அதிகம் சேர்க்கக் காரணம், சர்க்கரையின் இனிப்பில் 90 சதவீதம் வரை இதில் உண்டு, பதமும் சர்க்கரை போலவே வரும் என்பதே.

ஒரு கணக்கைப் பார்ப்போம். சாக்லேட் பட்டையில் மொத்த மாவுச்சத்து 30 கிராம், நார்ச்சத்து 4, மால்டிட்டால் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுதாகக் கழித்தால் நெட் கார்ப், அதாவது கழித்தபின் மிஞ்சும் மாவுச்சத்து, 6. பாதியைக் கழிப்பதே பொதுவாகச் சொல்லப்படும் முறை. அப்படிச் செய்தால் 16. நாளுக்கு 20 கிராமுக்குள் நிற்க நினைக்கும் கீட்டோக்காரருக்கு அந்த நாளின் கணக்கு ஒரே பட்டையில் ஏறத்தாழ முடிந்துவிடும். ‘நெட் கார்ப்’ என்ற சொல்லுக்கு அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கூட வரையறை தந்ததில்லை. பொட்டலத்தின் முன்பக்கத்து எண்ணை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத்தான் படிக்க வேண்டும். பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்டிருந்தால்: 420 சார்பிட்டால், 421 மானிட்டால், 953 ஐசோமால்ட், 965 மால்டிட்டால், 967 சைலிட்டால், 968 எரித்ரிட்டால். ‘ஸ்டீவியா’ என்று விற்கும் தூளையும் புரட்டிப் பாருங்கள். பல பொட்டலங்களில் எடையில் பெரும்பகுதி எரித்ரிட்டாலாக இருக்கும். சிலவற்றில் மால்டோடெக்ஸ்ட்ரின், அதுவோ சுத்தமான மாவுச்சத்து.

அடுத்தது வயிறு. சிறுகுடல் உறிஞ்சாமல் விட்ட மிச்சம் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே பாக்டீரியா அதைப் புளிக்கவைக்க, வாயு உண்டாகிறது. உப்புசம், இரைச்சல், பேதி எல்லாம் இதனால்தான். 10 கிராம் சார்பிட்டாலே பலருக்கு வயிற்றை உப்பவைக்கும். இதே குடும்பத்து லாக்டிட்டாலை மலச்சிக்கலுக்கு மருத்துவர்கள் சிரப்பாக எழுதித் தருகிறார்கள் என்பதை நினைத்தால் ஆச்சரியம் இருக்காது. பாலியால் (சர்க்கரை ஆல்கஹாலின் இன்னொரு பெயர்) 10 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பண்டத்தில், மலமிளக்கும் தன்மை இருக்கலாம் என்று அச்சிட வேண்டும் என்பது இந்திய விதி. எரித்ரிட்டால் வயிற்றுக்குக் கொஞ்சம் இதம்தான். அதற்கும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.5 கிராம் என்று வரம்பு வைத்தது. 60 கிலோ எடைக்கு 30 கிராம். எரித்ரிட்டாலின் இனிப்பு சர்க்கரையில் 60–70 சதவீதமே என்பதால் பாயசத்தில் அள்ளிப் போடத் தோன்றும். ஒரே வேளையில் வரம்பைத் தொட்டுவிடலாம். வெறும் வயிற்றில் பானமாகக் குடித்தால் தொல்லை அதிகம். சாப்பாட்டோடு 5 கிராமில் தொடங்கி மெல்ல ஏற்றுவது நல்லது.

நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். அந்த மாத்திரையும் பேதியைத் தரக்கூடியது. மாத்திரைதான் காரணம் என்று தாமாகவே நிறுத்திவிடாமல், முதலில் சில நாள் சுகர் ஃப்ரீ பண்டங்களை விட்டுப் பாருங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்து படபடப்பு வந்தால் சுகர் ஃப்ரீ மிட்டாய் உதவாது. 15 கிராம் குளுக்கோஸே வேண்டும்.

எரித்ரிட்டாலுக்கும் மாரடைப்பு, பக்கவாதத்துக்கும் தொடர்பு காட்டிய 2023ஆம் ஆண்டு ஆய்வைக் கட்டுரை தொடவே இல்லை. எரித்ரிட்டாலை நம் உடம்பும் தானாகவே தயாரிக்கிறது. எனவே ரத்தத்தில் அது கூடுதலாக இருப்பது நோயின் காரணமா, அடையாளமா என்பது அந்த ஆய்வால் முடிவாகவில்லை. ஆனால் 30 கிராம் குடித்தவர்களின் ரத்தத்தில் அதன் அளவு இரண்டு நாளுக்கு மேலும் உயர்ந்தே இருந்தது. இதய நோய் உள்ளவர்கள் தினப்படிப் பழக்கமாக்காமல் இருப்பதே சரி என்பது என் கருத்து.

வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டால் சேர்ந்த சூயிங்கம், மிட்டாய் அதற்கு எட்டக் கூடாது. நாயின் உடலில் அது இன்சுலினைக் கொட்டவைத்து உயிரையே பறிக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தங்கள் சமையல் பக்கத்தில் ‘சுகர் ஃப்ரீ – தேவையான அளவு’ என்றே அச்சாகிறது. எந்தப் பொருள், ஒருவருக்கு எத்தனை கிராம் என்று இனி போடுங்கள்.

– உணவியல் ஆலோசகர், திருச்சி