ஜெர்மனியின் லைப்ஸிக்கிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தீபாவளிக்குப் பிறகு நான் எழுதவே இல்லை என்று அம்மா குறைப்பட்டாளாம். ஆய்வகத்தில் வேலை மிகுதி, வேறொன்றுமில்லை. குரங்கையும் மனிதனையும் ஒப்பிட அப்படி என்னதான் இருக்கிறது என்று பெரியப்பா கேட்டதற்கு இங்கேயே பதில் எழுதுகிறேன்.

மரபணு எழுத்துகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், நமக்கும் சிம்பன்சிக்கும் எழுத்துக்கு எழுத்து வேறுபாடு சுமார் 1.2 சதவீதம்தான். இந்தச் சிறு வேறுபாட்டை மட்டும் பார்த்தால் போதாது; ஆகையால் எந்த மரபணு எந்த உறுப்பில் எவ்வளவு இயங்குகிறது என்பதைத்தான் நாங்கள் பார்க்கிறோம். 2002இல் இவ்வூர் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தார், இறந்துபோன 3 மனிதர், 3 சிம்பன்சி, 1 ஒராங்குட்டானின் மூளையிலும் கல்லீரலிலும் சுமார் 12,000 மரபணுக்களின் இயக்கத்தை அளந்தார்கள். அதில் ஒரு மனிதரின் மூளை மற்ற இருவரிடமிருந்து விலகியிருந்த அளவு, அவ்விருவரும் சிம்பன்சிகளிடமிருந்து விலகியிருந்த அளவைவிட அதிகம். வயதும் நோயும் உணவும் இந்த இயக்கத்தை மாற்றும் என்பதால், மூன்று பேரை வைத்து மனித இனத்துக்கே தீர்ப்பு எழுதுவதை நான் நம்புவதில்லை.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கேட்டிருந்தாள். 2008இல் வெளியான ஓர் ஆய்வில், அந்நிறுவனத்தார் சுண்டெலிகளில் சிலவற்றுக்குச் சிம்பன்சி தின்னும் பழங்களையும் காய்களையும், சிலவற்றுக்கு நிறுவன உணவகத்துச் சாப்பாட்டையும் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் கல்லீரலில் பல மரபணுக்களின் இயக்கம் வேறுபட்டது, மூளையில் எதுவும் தென்படவில்லை. கறுப்பு ரொட்டியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் என் கல்லீரலையும் பழக்கியிருக்கும். ஆனால் நாலு மணிக்கே இருட்டி, கடைகளெல்லாம் அடைத்துக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், மூளை வத்தக்குழம்பையும் சுட்ட அப்பளத்தையுமே கேட்கிறது. இந்த வரியை அம்மாவுக்குப் படிக்க வேண்டாம்.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்று சரவணன் சொல்வது சாக்கு அல்ல. பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதிக்கான மரபணு, குரங்குகளைப் போலவே பெரும்பாலான மனிதருக்கும் பால்குடி மறந்தபின் மெல்ல அடங்கிவிடும்; அதற்கு அருகே ஓர் எழுத்து மாறியிருப்பவர்களுக்கு மட்டும் ஆயுள் முழுதும் இயங்கும். ஒரே வீட்டில் தங்களுக்கு இயங்குவது அவனுக்கு அடங்கியிருக்கலாம். அம்மா அவனை வற்புறுத்தாமல் தயிரோ மோரோ கொடுக்கட்டும். மருத்துவரிடமும் ஒருமுறை காட்டுங்கள்.

மல்லிகாவின் சீருக்கு இம்மாதம் பாதிப் பணம்தான் அனுப்பியிருக்கிறேன். மீதி மார்ச்சில் வரும். வட்டிக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். கிழக்கு வயலைக் குத்தகைக்குக் கேட்பவருக்கு நான் வரும்வரை எதையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். சித்தப்பாவின் கையெழுத்தும் வேண்டும் அல்லவா?

தங்கள் அன்பு மகன்,
முருகேசன்