விரதத்தை முடித்து வையுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் நாற்பத்தெட்டு நாள் உணவுச் சவால் குழுக்களை நடத்தும் பயிற்சியாளர்களுக்கு,

வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து எழுதுகிறேன். உங்களுடையதைப் போன்ற ஒரு குழுவில் இரண்டு வருசம் இருந்தவள் நான். எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. மூன்று மாதச் சராசரி 9-ஐத் தாண்டியபோதுதான் சேர்ந்தோம். இராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்தோம், சோற்றைக் குறைத்தோம், கொள்ளுப் பயறும் கீரையும் கூட்டினோம், விடிகாலையில் தடப்பள்ளி வாய்க்கால் கரையில் நடந்தோம். ஆறு மாதத்தில் சராசரி 7-க்குக் கீழே வந்தது. டாக்டரே மாத்திரையைக் குறைத்தார். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு.

அந்த நம்பிக்கையில்தான் என் மகளையும் குழுவில் சேர்த்துவிட்டேன். கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், இருபது வயது. பேக்கரி பப்ஸையும் பாட்டில் பானத்தையும் விட்டால் போதும் என்று நினைத்தேன். இரண்டையும் விட்டாள். அடுத்து வெள்ளைச் சர்க்கரை. அப்புறம் அரிசி, பால், எண்ணெய். கடைசியில் கடலையும் தேங்காயும்கூடக் கொழுப்பு என்றாள். ஒவ்வொன்றை விட்டபோதும் தட்டைப் படம் எடுத்துப் போட்டாள், குழுவில் பாராட்டு குவிந்தது. எதையாவது திரும்பச் சாப்பிட ஆரம்பித்தேன் என்று சொன்ன ஒருவரைக்கூட அங்கே யாரும் பாராட்டி நான் பார்த்ததில்லை.

மாரியம்மன் நோம்பிக்கு என் அம்மா ஊருக்குப் போனோம். அம்மா வழக்கம்போலச் சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பால் எடுத்து வைத்திருந்தார். இவள் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். உள்ளே உப்பில்லாமல் வேகவைத்த சுரைக்காய். "அம்மாயி, எனக்குச் சுத்தமான சாப்பாடுதான் ஒத்துக்கும்" என்றாள். "ஏஞ்சாமி, அம்மாயி கை அழுக்கா?" என்று கேட்டுவிட்டு அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார். மனசு கஷ்டப்பட்டதே தவிர, நோய் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. கட்டுப்பாடான பிள்ளை என்று உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது.

போன தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போனோம். வழி நெடுக அன்னதானப் பந்தல். தக்காளிச் சோறு, தயிர்ச்சோறு, சுண்டல். எதையும் தொடவில்லை, ஊறவைத்த பயறு கொஞ்சம் கையில் வைத்திருந்தாள். தாராபுரத்தை நெருங்கும்போது சாலையோரத்தில் சாய்ந்தாள். ஆசுபத்திரியில் நாடியைப் பார்த்த டாக்டர் முதலில் கேட்டது, மாதவிலக்கு எப்போது வந்தது என்று. ஐந்து மாதமாக வரவில்லையாம். என்னிடம் சொல்லாதவள், குழுவில் சொல்லியிருக்கிறாள். "உடம்பு கழிவை வெளியேற்றுகிறது, பயப்படாமல் தொடருங்கள்" என்று அங்கிருந்து பதில் வந்திருக்கிறது.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த மடல். உடம்புக்குப் போதுமான சாப்பாடு கிடைக்காதபோது, இது பிள்ளை பெறும் காலம் இல்லை என்று மூளை முடிவெடுத்து, சினைப்பைக்குப் போகும் உத்தரவை நிறுத்திவிடுகிறது. அதனால் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. எலும்பு கெட்டிப்படுவதற்கு அந்தச் சுரப்பு வேண்டும்; இருபதுகளில் சேர்க்காத எலும்பைப் பின்னால் சேர்ப்பது கடினம். முடி கொட்டுவதும், கை கால் சில்லிட்டுப் போவதும், நாடி மெதுவாவதும் பட்டினியின் அடையாளங்கள். சைவமாக இருப்பவர்கள் பாலையும் மோரையும் விட்டால் பி12 வருவதற்கும் வழி இல்லை. இதில் எதற்கும் கழிவு நீக்கம் என்று பெயர் கிடையாது.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதையே அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அமெரிக்க மருத்துவர் ஸ்டீவன் பிராட்மேன் 1997-ல் இதற்கு ஆர்த்தோரெக்சியா என்று பெயர் வைத்தார். சரியான உணவு என்பதையே நாள் முழுக்க நினைத்து, அதற்காக உடம்பையும் உறவையும் இழக்கும் நிலை. அவரும் ஒரு காலத்தில் அப்படி இருந்தவர்தான். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கப் பட்டியலில் இது இன்னும் தனி நோயாக இடம்பெறவில்லை. ஒல்லியாக வேண்டும் என்று பட்டினி கிடக்கும் பிள்ளையை யாராவது தடுப்பார்கள். சுத்தமாகச் சாப்பிடுகிறேன் என்று பட்டினி கிடப்பவளை ஊரே மெச்சுகிறது. நானும் மெச்சினேனே.

வீட்டுக்கு வந்ததும் நெய்யும் சோறுமாக ஊட்டி ஒரே வாரத்தில் தேற்றிவிட நினைத்தேன். டாக்டர் தடுத்தார். நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று சாப்பாட்டைக் கொட்டினால், இரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி இருதயத்தையே பாதிக்குமாம். கொஞ்சம் கொஞ்சமாக, இரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொண்டுதான் கூட்டினோம். கூடவே மனநல மருத்துவரிடமும் போகிறாள். இதே நிலையில் பிள்ளையை வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் 14416-ஐக் கூப்பிடலாம். அரசின் டெலி மானஸ் எண், தமிழிலேயே பேசலாம்.

நம்ம ஊரில் விரதம் புதிதில்லைங்க. ஒரு சந்தி இருக்கிறோம், புரட்டாசிச் சனி இருக்கிறோம், சஷ்டிக்கு ஆறு நாள் இருக்கிறோம். மாலை போட்டால் ஒரு மண்டலம். எல்லாவற்றுக்கும் விரதம் விடுகிற நாள் என்று ஒன்று உண்டு. அன்றைக்கு இலை போட்டு, நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கர்ப்பிணிக்கும் நோயாளிக்கும் விரதமே வேண்டாம் என்று சொல்லவும் வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். நீங்கள் நாற்பத்தெட்டு என்ற கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். நாற்பத்தொன்பதாவது நாள் காலையில் என் மகளுக்கு வந்தது அடுத்த சவாலுக்கான அழைப்பு.

அதனால் கேட்கிறேன். நாற்பத்தெட்டாவது நாள் எல்லாரையும் கூட்டி உட்கார வைத்து விரதத்தை முடித்து வையுங்கள். நீங்களும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். பதினெட்டு வயசுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்காதீர்கள். தட்டுப் படத்துக்கும் எடைக் கணக்குக்கும் பரிசு கொடுப்பதை நிறுத்துங்கள். மாதவிலக்கு நின்றது, மயக்கம் வந்தது, விருந்துக்குப் போகப் பயமாக இருக்கிறது என்று யாராவது எழுதினால் உடனே சவாலை நிறுத்தச் சொல்லி டாக்டரிடம் அனுப்புங்கள். அந்தப் பதிலை எழுதிய குழுவின் பெயரை நான் எங்கேயும் சொல்லப்போவதில்லை. இதே பதிலை எழுதியவர்கள் உங்களிலும் இருக்கலாம், உங்களுக்குத் தெரியும்.

தையில் புது அணி தொடங்குகிறவர்கள், முதல் நாள் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிசம் கொடுங்கள். வந்து இதைச் சொல்கிறேன். மகளையும் கூப்பிட்டுப் பார்த்தேன், யோசித்துச் சொல்கிறேன் என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாயி வீட்டில் ஒரு கிண்ணம் சந்தகை சாப்பிட்டாள். தேங்காய்ப்பால் வேண்டாம் என்றாள், நாங்கள் வற்புறுத்தவில்லை.

இப்படிக்கு,
ஒரு தாய்,
கோபிசெட்டிபாளையம் வட்டம்