பொறுப்புத் தலைமையாசிரியருக்கு அதிகாரமும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளில் தலைமையாசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடப்பது பற்றி அடிக்கடி செய்தி வருகிறது. எத்தனை இடம் காலி, கலந்தாய்வு எப்போது, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதோடு செய்தி முடிந்துவிடும். அதுவரை அந்தப் பள்ளி எப்படி நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பணிமூப்பில் முதலில் இருக்கும் ஆசிரியர் ஒருவர், தன் பாடவேளைகளையும் விடாமல் எடுத்துக்கொண்டு, பள்ளியையும் நடத்திக்கொண்டிருப்பார். டெல்டா பகுதியில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித முதுகலை ஆசிரியராக இருக்கும் நான் அந்தப் பொறுப்பில் இருந்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தலைமையாசிரியர் வேலை என்றால் அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது என்று வெளியே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் முதல் மணிக்கு முன்னும் பின்னுமாக இருக்கும் அரை மணி நேரத்தில்தான் பள்ளியின் அன்றைய நாள் தீர்மானமாகிறது. யார் தற்செயல் விடுப்பு, யார் பயிற்சிக்குப் போயிருக்கிறார், யாரை வாக்காளர் பட்டியல் வேலைக்கு அழைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, ஆசிரியர் இல்லாத வகுப்புகளுக்கு ஆள் போட வேண்டும். அது தவறினால் முதல் பாடவேளையிலேயே இரண்டு வகுப்புகள் கத்திக்கொண்டிருக்கும். பக்கத்து வகுப்புகளிலும் பாடம் நடக்காது. அதே நேரத்தில்தான் எமிஸ் என்னும் கல்வித் துறையின் கணினித் தளத்தில் வருகைப்பதிவு ஏறவில்லை என்று வாட்ஸ்அப் வரும். டி.சி. வாங்க ஒரு தாய் கூலி வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார். சத்துணவு அமைப்பாளர் எண்ணிக்கை கேட்பார். கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்று பிள்ளைகள் வந்து சொல்வார்கள். பொறுப்பில் இருப்பவருக்கோ பன்னிரண்டாம் வகுப்பில் முதல் பாடவேளை இருக்கும்.

இவற்றில் எதை முதலில் கவனிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். எல்லா வகுப்பிலும் ஆசிரியர் இருக்கிறாரா, கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று நடந்து போய்ப் பார்த்த பிறகே கணினியைத் திறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எமிஸ் பதிவு பத்து நிமிடம் தாமதமானால் ஒரு குறுஞ்செய்தி வரும், அவ்வளவுதான். கழிவறையில் தண்ணீர் இல்லையென்றால் பெண் பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள். அதைப் பற்றி மேலிடத்திலிருந்து எந்தச் செய்தியும் வராது.

அடுத்தது கால அட்டவணை. ஒரு மூத்த ஆசிரியரின் நிர்வாகம் எப்படிப்பட்டது என்பது அதில் தெரிந்துவிடும். அனுபவமுள்ளவர்கள் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் எடுத்துக்கொள்வதும், ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வந்தவரையோ பெற்றோர் ஆசிரியர் கழகம் நியமித்தவரையோ அனுப்புவதும் பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. பொதுத்தேர்வு முடிவுதான் வெளியே தெரிகிறது, ஆய்வுக் கூட்டத்தில் அதைத்தான் கேட்கிறார்கள் என்பதால் இப்படி ஆகிறது. ஆனால் சுற்றுவட்டாரத்துத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் ஒருவர் சரளமாக வாசிப்பார், பக்கத்தில் இருப்பவர் எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பார். அந்த இடைவெளியை ஆறிலும் ஏழிலும் அடைக்காவிட்டால் பத்தாம் வகுப்பில் சிறப்பு வகுப்பு வைத்து அடைக்க முடியாது. 6 முதல் 9ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளின் அடிப்படைத் திறனுக்காக 2025-இல் அரசு ‘திறன்’ இயக்கத்தைக் கொண்டுவந்தது. வரவேற்கிறேன். ஆனால் அந்த வகுப்புக்குள் போகும் ஆசிரியர் யார் என்பதைப் பள்ளிதானே முடிவு செய்கிறது? பொறுப்பில் இருப்பவர் ஆறாம் வகுப்பில் தனக்கே ஒரு பாடவேளை போட்டுக்கொண்டால், மற்ற மூத்தவர்களிடமும் தயக்கமில்லாமல் கேட்கலாம்.

பதினொன்றாம் வகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல பள்ளிகள், முக்கியமாகத் தனியார் பள்ளிகள், பிளஸ் ஒன் பாடத்தையே விட்டுவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தை நடத்தி வந்ததால்தான் 2017-18 கல்வியாண்டில் அதற்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு நீங்கிவிட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் பிளஸ் ஒன் பாடம் முழுதாக நடக்கிறதா என்று வெளியிலிருந்து பார்க்க இனி யாரும் இல்லை. பொறுப்பில் இருப்பவர் மாதம் ஒருமுறையாவது அந்த வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு மாணவரின் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்க்க வேண்டும். பாடக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டால் மட்டும் தெரியாது.

இதையெல்லாம் விடக் கடினமானது சக ஆசிரியர்களோடு வேலை செய்வது. நேற்றுவரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தவர்களிடம் இன்று வேலை வாங்க வேண்டும். புதுத் தலைமையாசிரியர் வந்த மறுநாள் திரும்பவும் அதே நாற்காலிக்குத்தான் போக வேண்டும். மெமோ கொடுக்கலாம், 17(ஏ), 17(பி) விதிகளில் ஒழுங்கு நடவடிக்கை வேண்டும் என்று மேலே எழுதலாம். அதனால் பள்ளி நடந்துவிடாது. யார் எத்தனை மாற்றுப் பாடவேளை பார்த்தார்கள் என்ற கணக்கை ஆசிரியர் அறையில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவைத்து, அதில் தன் பெயரை முதலில் எழுதினாலே பாதி மனத்தாங்கல் தீரும். தினமும் தாமதமாக வருபவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால், பேருந்து நேரம் மாறியது தெரியவரலாம். அவருடைய முதல் பாடவேளையை மாற்றிப் போட்டால் போதும். காரணமே இல்லாமல் தாமதமாக வருபவர் என்றால் வருகைப் பதிவேட்டில் குறித்துத்தான் ஆக வேண்டும். நட்பு கெடுமே என்று விட்டுவிட்டால், நேரத்துக்கு வருகிறவர்கள் மனம் வெறுத்துப்போவார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழு பெரிய துணை. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. கூட்டத்துக்கு வரும் தாய்மார்களிடம் தீர்மான நோட்டில் கையெழுத்து மட்டும் வாங்கி அனுப்பாமல் பேசவிட்டால், எந்தப் பையன் பள்ளிக்குக் கிளம்பி எங்கே போகிறான் என்பதுவரை நமக்குத் தெரிந்துவிடும்.

இவ்வளவையும் செய்ய ஆசிரியர்கள் தயாராகவே இருக்கிறார்கள். ஆனால் கையில் அதிகாரம் இல்லை. எங்கள் பக்கத்தில், பொறுப்பில் இருப்பவருக்குப் பணம் பெற்று வழங்கும் அதிகாரம் இல்லாமல், சம்பளப் பட்டியலைப் பக்கத்துப் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களை நான் அறிவேன். மின்மோட்டார் பழுதானால் தன் பணத்தைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் முழுநேரத் தலைமையாசிரியர் வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. வாரம் முழுக்கப் பாடமும் எடுத்துக்கொண்டு பொறுப்பையும் பார்ப்பவர் எப்படி முழுநேரம் ஆவார்? எட்டாம் வகுப்புவரை கற்பிப்பவர்களின் பதவி உயர்வுக்கு ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேர்ச்சி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்திருப்பதால், நடுநிலைப் பள்ளிகளில் இந்த நிலை இன்னும் நீளும் என்றே நினைக்கிறேன்.

கல்வித் துறையிடம் கேட்பது இதுதான். ஒரு தலைமையாசிரியர் எந்த நாளில் ஓய்வு பெறுவார் என்பது அவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே பணிப்பதிவேட்டில் இருக்கிறது. அந்த நாளுக்கு ஒரு பருவம் முன்பே அடுத்த மூத்த ஆசிரியரை அவரோடு உட்காரவைத்து, பட்ஜெட், பதிவேடுகள், சம்பளப் பட்டியல் போடும் களஞ்சியம் மென்பொருள் எல்லாவற்றையும் பழக்குங்கள். பொறுப்பு ஆணையிலேயே நிதி அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். பொறுப்பு ஒரு மாதத்தைத் தாண்டினால், அவருடைய பாடவேளைகளில் பாதிக்காவது தற்காலிக ஆசிரியர் ஒருவரை அனுப்புங்கள். ஜனவரி 1 நிலவரப்படி தயாராகும் பதவி உயர்வுப் பட்டியலை, வழக்கில்லாத இடங்களிலாவது ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் நிறைவேற்றுங்கள்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர்,
திருவாரூர் மாவட்டம்.