ஆத்தாவும் பதினேழு இஞ்ச் மானிட்டரும்

காரைக்குடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள சுப்பு,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில். திட்டுவதை நேரில் வந்து திட்டு. வீட்டில் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அது முழு உண்மை இல்லை.

சித்திரைக் கடைசியில் ஒரு கோடை மழை, ஒரே இடி. எப்படியோ கேபிள் பாக்ஸ் தப்பித்தது, டிவி போய்விட்டது. "போர்டு காலிண்ணே, புதுசே வாங்கிருங்க" என்றான் மெக்கானிக். ஆத்தாவுக்கு ஏழு மணி சீரியல் ஒரு நாள் தவறக்கூடாது. அப்போதுதான் மேல் அறையில் கிடந்த மானிட்டர் ஞாபகம் வந்தது. நம் பிரவுசிங் சென்டரை மூடியபோது "காயலான் கடைக்குப் போடுடா" என்று நீ தலையில் அடித்துக்கொண்டாயே, அதேதான். இப்போது சிரி பார்க்கலாம்.

மானிட்டரில் சேனல் பிடிக்கிற டியூனர் கிடையாது. பாக்ஸ்தான் அந்த வேலையைச் செய்கிறதே, ஒரு ஒயர் போதும் என்று நினைத்தேன். பாக்ஸில் ஒயர் குத்துகிற துளை எச்டிஎம்ஐ. நம்முடையதில் இருப்பதோ 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ, பழைய காலத்துத் துளை. நடுவில் கன்வெர்ட்டர் வேண்டும். முதலில் வாங்கியதில் படமே வரவில்லை. எச்டிசிபி என்று ஒரு பூட்டு இருக்கிறதாம். எதிர்முனையில் இருப்பது யார் என்று பாக்ஸ் விசாரிக்கும், சரியான பதில் வராவிட்டால் படத்தைக் கொடுக்காது. நம் வளவு வாசலில் செட்டியார் ஐயா உட்கார்ந்திருப்பாரே, அந்த மாதிரி! இரண்டாவது கன்வெர்ட்டரை விட்டது. அதிலேயே ஆடியோ குத்த ஒரு துளையும் இருந்தது நல்லதாயிற்று, ஏனென்றால் மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லை. பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் இரண்டையும் நீள ஒயரில் இழுத்து, ஆத்தா சாய்ந்து உட்காரும் தூணடியில் வைத்தேன்.

மானிட்டர் திரை அகலத்தில் 34 சென்டிமீட்டர், உயரத்தில் 27. அகலப் படம் அந்தச் சதுரத்துக்குள் இழுபட்டு, வில்லி, மாமியார், போலீஸ் எல்லோரும் ஒட்டடைக் குச்சியாக நின்றார்கள். "எல்லாரும் பட்டினி கிடக்காகளா?" என்றாள் என் மகள். பாக்ஸ் மெனுவில் 4:3 என்று மாற்றியதும் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து, ஆட்கள் ஓரளவு ஊதினார்கள். ரிமோட்டில் பாக்ஸை அணைத்தாலும் மானிட்டர் முழுக்க அணைவதில்லை. ஆரஞ்சு விளக்கு இரவெல்லாம் மினுக்கும், அதுவும் ஒரு தொல்லை.

இதையெல்லாம் பெருமையாக எழுதிக்கொண்டே போகிறேன் பார். விஷயம் இனிமேல்தான்.

டிவி இருந்த பெட்டகத்தின் மேலேயே மானிட்டரையும் வைத்திருந்தேன். ஆத்தா ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பாள். மூன்றாம் நாள் ஸ்பீக்கர் ஒயரைச் சரிசெய்ய அவள் பக்கத்தில் குனிந்தேன். திரை முழுக்க இருட்டு. கதாநாயகியின் முகம் போட்டோ நெகட்டிவ் மாதிரி கறுத்துக் கிடந்தது. டிஎன் என்கிற இந்தப் பழைய வகைத் திரையை நேரே பார்த்தால்தான் சரி, கீழிருந்து பார்த்தால் அப்படித்தான். ஸ்டாண்டின் பின்பக்கம் அட்டையை மடித்துக் கொடுத்து முன்னால் சாய்த்தேன். பளிச்சென்று வந்தது.

"இப்ப எப்படி ஆத்தா?"

"ரெண்டும் ஒண்ணுதான்டா. குரல் கேட்டா ஆளு தெரியுது."

எனக்குக் கை ஓடவில்லை. இடி விழுவதற்கு முன்பும் இவள் டிவி பார்க்கவில்லையடா, கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எத்தனை மாதமாக என்று கேட்டால் "போன கார்த்திகையிலிருந்து இருக்கும்" என்கிறாள், கடைச் சரக்கு விலை சொல்கிற மாதிரி. ஒரே வீட்டில்தான் இருக்கிறேன், தினமும் அவளோடுதான் சாப்பிடுகிறேன். பருப்பில் கல் வந்தபோதெல்லாம் மில்காரனைத் திட்டியிருக்கிறேன்.

போன வாரம் மதுரை அரவிந்துக்குக் கூட்டிப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண் முற்றிவிட்டது. அடுத்த புதன் அதற்கு ஆபரேஷன். பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. தங்கச்சியிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் உளறிவிடாதே.

புது டிவியை அதற்கப்புறம்தான் வாங்குவேன். அதுவரை மானிட்டரைப் பெட்டகத்திலிருந்து இறக்கி, முக்காலியில், அவள் முகத்துக்கு மூன்றடியில் வைத்திருக்கிறேன். அவ்வளவு கிட்டத்தில் வைத்தால் நிறம் கொஞ்சம் தெரிகிறதாம். நானும் அந்தத் தூணில்தான் சாய்ந்துகொள்கிறேன். "இவ சேலை பச்சையா, நீலமா?" என்பாள், சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ வருகிறாய் என்றதும் கவுனரிசி இனிப்பு கிண்டித் தருவதாகச் சொல்கிறாள். கண் கட்டோடு அடுப்படிக்கு விட மாட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும், நீயே வந்து கிண்டு.

உன்,
ராமு