மகளிர் கைத்தறிச் சங்கம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவி அக்காவுக்கும், பொருளாளருக்கும், பிரதேச செயலகத்திலிருந்து வந்திருக்கும் உத்தியோகத்தருக்கும், சமையலை முடித்தும் முடிக்காமலும் ஓடிவந்திருக்கும் அங்கத்தவர்கள் எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் பிறகு வாசிப்பார். நான் தறி ஓடிய கதையையும் நின்ற கதையையும் சொல்கிறேன். நின்ற கதைதான் கூட.

2024இல் நோன்புப் பெருநாளும் சித்திரை வருடப்பிறப்பும் ஒரே வாரத்தில் வந்தன. காத்தான்குடிக் கடைகள் சாறம் கேட்டன, மட்டக்களப்பு நகரத்துக் கடைகள் சேலை கேட்டன, எல்லாருக்கும் ஒரே நாளைக்கு வேண்டுமாம். ஜனவரியில் வற் வரி 18 வீதமாக உயர்ந்த பிறகு எதை வாங்கப் போனாலும் கையைக் கடித்தது. இருந்தும் ஓடர்களில் பெரும்பகுதியை நேரத்துக்குக் கொடுத்தோம். ஒரு கடை மட்டும் சாறத்தை எடுத்துக்கொண்டு காசை ஆவணி வரை இழுத்தது. அந்தக் கடைக்கு இனிக் கடன் இல்லை என்று செயற்குழு முடிவெடுத்துவிட்டது.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்ததிலிருந்து திருக்குளிர்த்தி வரை தறிச்சத்தம் இல்லை. அது வழமை, யாரும் குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்த வறண்ட கச்சான் காற்றுதான் ஆளைப் படுத்தியது. பருத்தி நூல் காய்ந்தால் பலம் குறைந்து பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூல், அறுந்துகொண்டே இருக்கும். தறியைச் சுற்றி மண் நிலத்தில் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கு விரித்து, விடியற்காலையிலும் பின்னேரத்திலும் நெய்தால் தாக்குப்பிடிக்கலாம் என்பது வயதான அக்காமார் சொல்லித் தந்த வழி. ஆனால் விடியற்காலை பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நேரம், பின்னேரம் ரியூசனுக்குக் கூட்டிப்போகும் நேரம். நூலுக்குத் தோதான நேரம் வீட்டுக்குத் தோதில்லை.

இனி முக்கியமான விசயம். சென்ற ஆண்டு தறிகள் நின்றதற்கு நூல் தட்டுப்பாட்டை விடக் கல்யாணங்கள்தான் பெரிய காரணம். சிரிக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். மகளுக்குக் கல்யாணமானால் மருமகன் அந்த வீட்டுக்கு வருவார், தாயும் தகப்பனும் பின்வளவில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். அந்த வீட்டைக் கட்டிய காசில் தறிக் காசும் இருக்கிறது. ஆனால் வீடு கைமாறும்போது தறிக்கு அங்கே இடம் இருக்காது. விறாந்தையில் மூன்றாள் படுக்கிற இடத்தை அது பிடித்துக்கொண்டு நிற்கும். புது மாப்பிள்ளைக்குப் பகல் முழுக்க மிதிப் பலகையும், நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவும் அடிக்கும் சத்தம் எப்படி இருக்கும் என்று மாமிமார் கவலைப்படுகிறார்கள். (மாப்பிள்ளைமாரை யாரும் கேட்டதில்லை. ஒருவர் தானே உட்கார்ந்து நாடாவுக்குரிய நூலைத் தாரில் சுற்றிக் கொடுக்கிறார் என்பதையும் இந்தச் சபையில் பதிந்து வைக்கிறேன்.) பின்வளவுக் கொட்டிலிலோ தறி நிற்காது. ஆகவே கழற்றிச் சுவரோரம் சாத்திவிடுகிறார்கள். அப்படிச் சாத்திய தறி திரும்ப எழும்பியதை நான் அதிகம் கண்டதில்லை.

இதற்காகத்தான் பொதுக் கொட்டகையின் மேற்குப் பக்கத்தை இழுத்து நீட்டினோம். வீடு கொடுத்த தாய்மார் தங்கள் தறியை அங்கே கொண்டுவந்து போடலாம், வாடகை கிடையாது. பாதி நெய்த பாவை அறுக்க வேண்டியதில்லை. இழைகள் நுழையும் அச்சும் விழுதும் கோத்தபடியே சுருட்டிக்கொண்டு வந்தால் இங்கே இழுத்துக் கட்டிவிடலாம். வந்தவர்கள் நன்றாக நெய்கிறார்கள். வராதவர்கள் சொல்லும் காரணமும் நியாயமானதுதான்: வீட்டில் தறி என்றால் சோறு வடித்துக்கொண்டே நாலு விரற்கடை நெய்யலாம், கொட்டகைக்கு வந்தால் அடுப்பை யார் பார்ப்பது? அம்மம்மா இருக்கிற வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் ஒரே விதி போட முடியாது.

அடுத்தது பேறுகாலமும் இழவும். இரண்டுக்கும் எங்கள் வழக்கில் 31 நாள் துடக்கு, அதாவது தீட்டு, தறியில் உட்காருவதில்லை. அந்த நாட்களில் ஓடர் காத்திருக்காது என்பதால் ஒருவர் தொடங்கிய பாவில் இன்னொருவரை உட்காரவைத்தோம். நெய்து இறக்கிய சேலையில் கை மாறிய இடம் கோடாகத் தெரிந்தது. ஒருவர் பலகையை ஓங்கி அடிப்பார், ஒருவர் மெல்ல அடிப்பார், ஊடையின், அதாவது குறுக்கு நூலின், நெருக்கம் ஒத்துவராது. கடைக்காரர் அதைப் பழுது என்று விலை குறைத்தார். யாரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. செயற்குழுவின் யோசனை இதுதான்: பிள்ளைப்பேற்றை எதிர்பார்ப்பவர்களுக்கும், நோயாளியை வைத்துப் பார்ப்பவர்களுக்கும், கல்யாண வீட்டுக்காரருக்கும் பாதி நீளப் பாவு கொடுப்பது. பாவு மாற்றும் ஒவ்வொரு தடவையும் இழை இழையாகப் பிணைக்க வேண்டும், கடைசித் துண்டு வீணாகும், செலவு கூடும். அந்தச் செலவைச் சங்கம் ஏற்கலாமா என்பதை இன்று நீங்கள் கையுயர்த்திச் சொல்ல வேண்டும். ஏற்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

சாயம் பற்றி ஒரு வார்த்தை, கொஞ்சம் கடுமையாக. சோறு வடிக்கிற அடுப்பில், குழந்தை தவழ்கிற குசினியில், சாயத்துக்கென்று தோலை எரிக்கும் காஸ்டிக் சோடா கரைக்கக் கூடாது. சாயமிடுவது இனிச் சனிக்கிழமைகளில் கொட்டகையில் மட்டும்.

நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்தபோது குழித்தறிகளுக்குள் முழங்கால் தண்ணீர். பாவுகளைச் சுருட்டிப் பரண் மேல் ஏற்றியதால் நூல் தப்பியது, ஆனால் சில மிதிப் பலகைகள் ஊதிப்போயின. சாயத்துக்குப் பாவிக்கும் ஹைட்ரோஸ் தூள் வாளியை யாரோ முன்கூட்டியே உயரத்தில் வைத்திருந்தார்கள். அது நனைந்தால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும், கொட்டகையே போயிருக்கும். வைத்தவர் யார் என்று இன்னும் தெரியவில்லை, எழும்பி நின்றால் கைதட்டலாம்.

நுண்கடன் விசயம் இங்கே பேசச் சங்கடமானது. தறிக்கென்று எடுத்த கடன் கூரைக்கும், சாமத்திய வீட்டுக்கும், ஆஸ்பத்திரிக்கும் போனது எல்லாருக்கும் தெரியும். கிழமைக்குக் கிழமை கடன் கட்டு வாங்க வருபவர் படலையில் நிற்கும்போது நெய்யக் கை ஓடாது. கூலியில் ஒரு பங்கை முற்பணமாகக் கொடுக்கும் ஏற்பாட்டைப் பொருளாளர் விளக்குவார். கேட்பவரின் பெயர் செயற்குழுவுக்கு வெளியே போகாது.

இளையவர்களில் இருவர் வெளிநாடு போய்விட்டார்கள். அவர்களின் தறிகளைத் தாய்மாரின் சம்மதத்துடன் பழகுபவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம். திரும்பி வந்தால் தறி அவர்களுடையதுதான் என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தாயிற்று.

இந்த அறிக்கையை ஏற்று, பாதிப் பாவுத் தீர்மானத்தையும் வாக்கெடுப்புக்கு எடுக்கும்படி தலைவி அக்காவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்